வியர்வையும் வியாபாரமும்

(ஓர் இளைஞர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் பேசப்போகும் விஷயத்தைத் தலைவர் அறிவித்தவுடன் உங்களில் சிலர் சிரித்துவிட்டீர்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. கடவுளைப் பற்றியும், சாதியைப் பற்றியும், கலியாணச் சடங்குகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு ஏன் அக்குளுக்குள் புகுந்துகொண்டான் என்று நினைப்பது சகஜந்தான். ஆனால் தோழர்களே, எங்கெங்கே ஒருவன் மற்றொருவனைப் பார்த்து, "உன் உடம்பு அசுத்தம், அதைப் போக்கும் வழி என்னிடம் இருக்கிறது, காசை வை" என்று சொல்லுகிறானோ, அங்கெல்லாம் நமக்கு வேலையிருக்கிறது. அதைப் புரோகிதன் சொன்னாலும் சரி, புட்டி விற்கிறவன் சொன்னாலும் சரி.

முதலில் என் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். தினம் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவள். ஒரு நாள் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி இவள் பக்கத்தில் மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரித்தாளாம். அன்று முதல் இவள் வகுப்பில் பதில் தெரிந்தாலும் கையைத் தூக்குவதில்லை. ஒரு ஸ்பிரே டப்பா வாங்கினாள். பிறகு, அதிலுள்ள அலுமினியத்தால் புற்றுநோய் வரும் என்று யாரோ கைப்பேசியில் அனுப்பிய சேதியைப் படித்துவிட்டு அதை எறிந்தாள். "முழுக்க முழுக்க இயற்கை, கெமிக்கல் அறவே இல்லை" என்று அச்சிட்ட ஒரு சிறு ஜாடிக் களிம்பை நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினாள். பத்தாம் நாள் இரண்டு அக்குளும் சிவந்து, தோல் உரிந்து, சட்டை பட்டால் எரிகிற நிலைமைக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா ஜாடியைத் திருப்பிப் படித்துப் பார்த்து, "இதில் ஆப்ப சோடா நிறையப் போட்டிருக்கிறான், அதுதான் புண்ணாக்கியிருக்கிறது" என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "ஏம்பா, இயற்கைன்னுதானே போட்டிருந்தான்? அது எப்படிப்பா சுடும்?"

எட்டாம் வகுப்போடு அச்சுக்கூடத்துக்குப் போனவன் நான். அவளுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாதபோது "அது அப்படித்தான்" என்று சொல்லுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாதாகையால், மூன்று மாத காலம் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலாவது, வியர்வை நாறுவதில்லை. ஆச்சரியப்படாதீர்கள். மனித உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உடம்பின் சூட்டைத் தணிப்பதற்காகத் தண்ணீரும் உப்பும் கலந்ததை வெளியே விடுகின்றன. வேறொரு வகைச் சுரப்பி அக்குளிலும் அரையிலும் இருக்கிறது. அது பருவம் வந்த பிறகே வேலை செய்யத் தொடங்குவது. குழந்தைகளிடம் இந்த வாடை இல்லாததற்குக் காரணம் அதுதான். இந்தச் சுரப்பியிலிருந்து வரும் கொழுப்புக் கலந்த கசிவும் சுரக்கும்போது அநேகமாக மணமற்றதே. தோலின்மேல் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று உடைக்கின்றன. அப்படி உடைத்த பொருள்தான் நாறுகிறது. அவற்றுள் ஒரு கிருமி எந்த நொதியைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது என்பதை 2020ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக் கழகத்தார் கண்டு வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சியில் ஒரு பெரிய சோப்புக் கம்பெனியும் கூட்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். யார் கண்டுபிடித்தாலும் உண்மை உண்மைதானே!

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சாஸ்திரம் ஓதுகிறவர் அக்குளிலும் சாக்கடை அள்ளுகிறவர் அக்குளிலும் இருப்பது ஒரே இனத்துக் கிருமிகள்தான். அவற்றுக்குக் கோத்திரம் தெரியாது. "அந்தத் தெருக்காரன் பக்கத்தில் வந்தாலே வாடை" என்று மூக்கைச் சுளித்தே ஒரு ஜனத்தொகையைத் திண்ணையிலும் டீக்கடை பெஞ்சியிலும் உட்கார விடாமல் வைத்திருந்த நாட்டில், இந்தச் சிறு உண்மையைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

நிற்க, கடையில் விற்கும் சாமான்களுக்கு வருவோம். இவை இரண்டு ஜாதி. (சாமான்களில் ஜாதி சொன்னால் குற்றமில்லை.) ஒன்று, கிருமியைக் கொன்றோ வாசனையால் மூடியோ நாற்றத்தை மட்டும் அடக்குவது. இதற்கு டியோடரண்ட் என்று பெயர். மற்றொன்று, அலுமினிய உப்பு ஒன்றைக் கொண்டு வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைத்து வியர்வையையே குறைப்பது. நம் ஜனங்கள் இரண்டையும் "டியோ" என்றோ "சென்ட்" என்றோ ஒரே பெயரால் வாங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் எப்படி உலகத்தில் பரவிற்று என்ற கதை வெகு ருசிகரமானது. 1888ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் "மம்" என்ற பெயரில் முதல் நாற்ற நீக்கிக் களிம்பு வந்தது. ஆனால் வெகு காலம் யாரும் அதை லட்சியம் செய்யவில்லை. குளித்தார்கள், போனார்கள். அப்புறம் எட்னா மர்பி என்ற இளம் பெண் கிளம்பினார். அவருடைய தகப்பனார் சின்சினாட்டி நகரத்தில் ரண வைத்தியர். அறுவைச் சிகிச்சை செய்யும்போது தம்முடைய கை வியர்க்காமலிருக்க ஒரு திரவம் செய்து வைத்திருந்தார். மகள் அதை எடுத்து அக்குளில் தடவிப் பார்த்து, "ஓடரோனோ" என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தார். 1912ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கோடைக்காலப் பொருட்காட்சியில்தான் சரக்குக் கொஞ்சம் நகர்ந்தது. அந்தத் திரவம் அமிலத்தில் கரைத்த அலுமினியம், சிவப்பு நிறம், தோலை எரித்தது, துணியையும் அரித்தது. அப்படியும் விற்றதே, எப்படி?

அதற்கு ஜேம்ஸ் வெப் யங் என்ற விளம்பரக்காரர் வேண்டியிருந்தது. இவர் முன்னே என்ன தொழில் செய்தவர் தெரியுமா? வீடு வீடாகப் போய்ப் பைபிள் விற்றவர்! (சிரிப்பு.) ஜனங்களை விசாரித்துப் பார்த்ததில், எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சரக்கின் பெயர் தெரியும், ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் "எங்களுக்கு இது தேவையில்லை" என்கிறார்கள் என்று கண்டார். வேறொருவராயிருந்தால், தேவையில்லாதவர்களுக்கு எதற்கு விற்பது என்று விட்டிருப்பார். இவரோ, தேவையை உண்டாக்குவது என்று தீர்மானித்தார். 1919ல் ஒரு பிரபலமான மாதர் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டார். ஓர் அழகிய பெண், அவளைத் தழுவ வரும் ஓர் ஆண், அதன் கீழே ஒரு பிரசங்கம். பிரசங்கத்தின் சாரம் என்னவென்றால், உன்னிடம் நாற்றம் இருக்கலாம், அது உனக்கே தெரியாது, ஆனால் பிறருக்குத் தெரியும், முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள் என்பதுதான்.

பார்த்தீர்களா தந்திரத்தை! "உனக்குத் தெரியாத பாவம் உன்னிடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அதை மறுக்க யாரால் முடியும்? பூர்வ ஜன்ம பாவம் என்பதும் இந்த ரகந்தானே? இல்லை என்று நிரூபிக்க வழியில்லாத குற்றத்தைச் சுமத்திவிட்டால், அதற்குப் பரிகாரம் ஆயுள் முழுதும் நடக்க வேண்டியதுதான். அந்த விளம்பரத்தால் கோபமடைந்து சுமார் 200 பேர் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். எழுதியவருடன் பழகிய பெண்கள் அவரோடு பேச்சையே விட்டுவிட்டார்களாம். ஆனால் விற்பனை 112 சதவிகிதம் ஏறி, 1920ல் 4,17,000 டாலரை எட்டிற்று. கோபித்தவர்கள் இருநூறு பேர். பயந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்களை மட்டும் விட்டார்களா? 1935ல் அமெரிக்காவில் ஆண்களுக்கென்றே கறுப்புப் புட்டியில் ஒரு சரக்கு வந்தது. அது பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய காலம். வேலையில்லாமல் லட்சக்கணக்கான பேர் தெருவில் நின்றார்கள். அவர்களிடம் போய், நாற்றமெடுத்தால் வேலை போய்விடும் என்று விளம்பரம் செய்தார்கள். ஆலை மூடியது முதலாளியின் கணக்கு. அந்தப் பயத்தைத் தொழிலாளியின் அக்குளில் கொண்டுபோய் வைத்தது விளம்பரத்தின் கணக்கு.

நம் நாட்டிலும் இது வேறு விதமாக நடக்கவில்லை. இந்த டப்பாவைத் தெளித்துக்கொண்டால் பெண்கள் மயங்கி விழுந்து பின்னால் ஓடி வருவார்கள் என்று வருஷக்கணக்கில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முடிவில் 2022 ஜூன் மாதம், ஒரு பாடி ஸ்பிரே விளம்பரம் பெண்களைப் பலாத்காரம் செய்வதையே வேடிக்கையாகக் காட்டுவது போலிருந்ததால், நாடெங்கும் கண்டனம் எழுந்து மத்திய சர்க்கார் அதை நீக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பெண்ணுக்கு வெட்கத்தை விற்பது, ஆணுக்குத் திமிரை விற்பது! புட்டிக்குள் இருப்பது என்னவோ ஒரே சரக்கு.

பயம் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதற்கு ஓர் அத்தாட்சி. அக்குள் வாடையே உண்டாகாதபடி செய்கிற ஒரு மரபணு மாறுதல் மனிதர்களில் சிலருக்குண்டு. கிழக்காசியாவில் பெரும்பாலோருக்கு உண்டு. ஐரோப்பாவில் வெகு அபூர்வம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தார் 2013ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 6,495 பெண்களைச் சோதித்ததில், சுமார் நூற்றுக்கு இருவர் இந்த மரபணு உள்ளவர்கள், அதாவது நாற்றமே வராதவர்கள் என்று தெரிந்தது. அந்த நாற்றமில்லாதவர்களில் நூற்றுக்கு 78 பேர் அநேகமாகத் தினமும் டியோடரண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள்! இல்லாத பேய்க்கு வேப்பிலை அடிப்பதை இனிமேல் பட்டிக்காட்டு வழக்கம் என்று யாரும் பரிகசிக்க வேண்டாம்.

இனி "இயற்கை" என்பதற்கு வருகிறேன். பழைய புட்டிக்காரன் "நீ நாறுகிறாய்" என்று பயமுறுத்தினான். புது ஜாடிக்காரன் "அவன் சரக்கு உன்னைக் கொல்லும்" என்று பயமுறுத்துகிறான். இரண்டாமவன் முதலாமவனுக்கு விரோதியென்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் இரண்டு கடையும் ஒரே முதலாளியுடையதுதான்.

அலுமினியத்தால் மார்புப் புற்றுநோய் வரும் என்பது மின்னஞ்சல் வழியாக 1990களின் கடைசியிலேயே பரவிய சேதி. அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2002ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயுற்ற 813 பெண்களையும் நோயில்லாத 793 பெண்களையும் விசாரித்து ஒப்பிட்டதில், இந்தச் சாமான்களை உபயோகித்ததற்கும் நோய்க்கும் சம்பந்தம் காணப்படவில்லை. ஐரோப்பிய விஞ்ஞானக் குழு ஒன்றும் 2020ல், இத்தனை சதவிகிதம் வரை அலுமினியம் இருந்தால் தீங்கில்லை என்று அளவு குறித்து அபிப்பிராயம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மூத்திரக்காய் கெட்டுப்போனவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அலுமினியம் கலந்ததை உபயோகிக்கக் கூடாது என்று அமெரிக்க சர்க்கார் அந்தச் சாமான்களின்மேல் எச்சரிக்கை அச்சிட வைத்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் உடம்பில் சேரும் அலுமினியம் வெளியேறாது. சந்தேகத்துக்குக் காரணமுள்ள இடத்தில் சந்தேகப்பட வேண்டும். எல்லோரையும் சேர்த்துப் பயமுறுத்துவது வியாபாரம்.

இந்த இடத்தில்தான் வேடிக்கை இருக்கிறது. நாகரிகக் கடைகளில் "கிரிஸ்டல்" என்று ஒரு வெள்ளைக் கல்லை அழகான உறையில் போட்டு இயற்கைச் சரக்கென்று விற்கிறார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். தோழர்களே, அது நம் படிகாரம்! நாவிதத் தோழர் முகச்சவரம் செய்த பிறகு நம் கன்னத்தில் தேய்க்கிறாரே, அதே படிகாரக் கல். நாட்டு மருந்துக் கடையில் சில்லரைக் காசுக்குக் கிடைப்பது. படிகாரம் என்பது என்ன? பொட்டாசியமும் அலுமினியமும் கந்தகமும் சேர்ந்த உப்பு. அலுமினியத்துக்குப் பயந்து ஓடினவன் கையில் இயற்கையின் பெயரால் அலுமினியத்தையே கொடுத்துப் பல மடங்கு விலை வாங்குகிறார்கள்! கேட்டால், "இது வேறு அலுமினியம், தோலுக்குள் போகாது" என்கிறார்கள். தண்ணீரில் கரைந்துவிட்டால் இரண்டிலும் வெளிவருவது அலுமினியந்தான். நம்மூரில் இதே கல்லைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கடை வாசலில் திருஷ்டிக்குத் தொங்கவிடுகிறார்கள். ஒரே கல், மூன்று உத்தியோகம். அதில் உண்மையாக உழைப்பது நாவிதர் பெட்டியில் இருக்கும்போதுதான். அக்குளில் கிருமியைக் கட்டுப்படுத்தவும் ஓரளவு உதவும். ஆகவே படிகாரத்தின்மேல் எனக்கு விரோதமில்லை. அதன்மேல் ஒட்டிய சீட்டின்மேல்தான் விரோதம்.

என் மகளைச் சுட்ட ஆப்ப சோடா விஷயமும் எளிது. நம் தோலின் மேற்பரப்பு சற்றுப் புளிப்புத் தன்மையுடையது. ரசாயனக்காரர் அளவுப்படி 5க்குப் பக்கம். ஆப்ப சோடாவோ 8க்கு மேலே, கார ஜாதி. கிருமி அதில் தழைக்காது, வாடை குறையும். ஆனால் தினந்தோறும் பூசினால் சிலருடைய தோலும் தாங்காது. எலுமிச்சம் பழத்தைத் தேய் என்று சொல்லுகிற பாட்டி வைத்தியமும் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வந்து கறுத்துவிடும். பூவிலிருந்தும் பழத் தோலிலிருந்தும் எடுக்கும் வாசனை எண்ணெய்களும் அப்படியே. தோலுக்கு ஒவ்வாமை செய்யக்கூடிய 26 வாசனைப் பொருள்களின் பெயரைச் சீட்டில் கட்டாயம் அச்சிட வேண்டுமென்று ஐரோப்பாவில் 2003ல் சட்டம் செய்தார்கள். அவற்றில் பல, பூவிலும் எலுமிச்சையிலும் புல்லிலும் இயற்கையாகவே இருப்பவை! எட்டிக்காய் இயற்கை. நாகப்பாம்பின் விஷம் இயற்கை. அம்மை நோயும் இயற்கை. "இயற்கை" என்ற சொல்லுக்கு இந்தச் சாமான்கள் விஷயத்தில் அமெரிக்க சர்க்கார் சட்டத்தில் அர்த்தமே எழுதி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எதன்மேல் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். முன்னே "தெய்வீகம்" என்ற சொல் செய்த வேலையை இப்போது இந்தச் சொல் செய்கிறது.

அப்படியானால் பழைய கம்பெனிச் சரக்கே மேல் என்று நான் சொல்லுவதாக நினைக்க வேண்டாம். ஸ்பிரே டப்பாக்கள் பலவற்றில் வேகமாகப் பீச்சுவதற்காக அடைக்கப்படுவது, நம் அடுப்புக்கு சிலிண்டரில் வருகிற அதே இனத்து வாயு. நெருப்புக்குப் பக்கத்தில் அடிக்கக் கூடாது. வேண்டுமென்றே முகர்ந்து செத்துப்போன சிறுவர்களும் உலகத்தில் உண்டு. 2021ல் அமெரிக்காவில் ஒரு தனியார் சோதனைச்சாலை இத்தகைய டப்பாக்கள் சிலவற்றில் பென்சீன் என்னும் புற்றுநோய்ப் பொருள் கலந்திருப்பதைக் கண்டு சர்க்காருக்குத் தெரிவிக்க, கம்பெனிகள் சரக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டன. இது வதந்தியல்ல, அளந்து பார்த்துச் சொன்னது. மற்றபடி, கையும் அக்குளும் தண்ணீராகக் கொட்டுகிற வியாதி உள்ளவர்களுக்கு வைத்தியர்களே அலுமினிய மருந்தைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த இயற்கைக் களிம்பும் அப்படி வியர்வையை நிறுத்தாது.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. இருபத்தோராம் வயதில் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு என்னை வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மைல் சைக்கிள் மிதித்துப் போனேன். சித்திரை மாதம். உள்ளே இருந்தவர் என்னை இரண்டு கேள்விதான் கேட்டார். பிறகு மின்விசிறியைப் பெரிதாக வைக்கச் சொல்லிவிட்டு, "போய் வா" என்றார். வெளியே வரும்போது அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வார்த்தையை இங்கே சொல்ல மாட்டேன். அது என் வியர்வையைப் பற்றி மட்டுமல்ல, நான் வந்த தெருவைப் பற்றியும் சொன்னது. அன்று நான் வாங்க நினைத்தது சென்ட் புட்டிதான். கையில் காசில்லாததால் தப்பித்தேன். அன்றைக்கு நான் குடியிருந்த லைன் வீட்டில் பதினெட்டுக் குடும்பத்துக்கு ஒரு குழாய். விடியற்காலை நாலு மணிக்குக் குடம் வைத்தால் இரண்டு குடம் கிடைக்கும். அதில் குடிப்பதா, சமைப்பதா, குளிப்பதா? பெண்கள் பாடு இன்னும் மோசம். மறைவாகக் குளிக்க இடமே கிடையாது. இப்படி வைத்துவிட்டு நாறுகிறாயே என்றால், அந்த நாற்றம் யாருடையது?

சோப்பும் தண்ணீரும் கொண்டு தினம் அக்குளைத் தேய்த்துக் கழுவுவதும், துவைத்த பருத்தித் துணி போடுவதும், அக்குள் மயிரைக் குறைத்துக்கொள்வதும் பெரும்பாலோருக்குப் போதும். போதாதவர்கள் தங்கள் தோலுக்கு எது ஒத்துக்கொள்கிறதோ, பைக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அதை வாங்கட்டும். முதலில் கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பூசட்டும். புட்டியின் முன்பக்கத்திலுள்ள படத்தைப் பாராமல் பின்பக்கத்திலுள்ள பொடி எழுத்தைப் படிக்கட்டும். என் மகள் இப்போது அதைத்தான் செய்கிறாள். அக்குள் ஆறிவிட்டது. வகுப்பில் கை தூக்குகிறாளா என்று கேட்டேன். "தூக்குறேம்பா, பதில்தான் சில சமயம் தப்பா போயிடுது" என்றாள். (சிரிப்பு.)

இரண்டு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "நலங்குமாவு நல்லதா?" என்று ஒருவர் கேட்கிறார். தேய்த்துக் குளித்தால் அழுக்குப் போகும், நல்ல வாசனையாகவும் இருக்கும். உங்களுக்கு ஒத்துக்கொண்டால் தேய்த்துக்கொள்ளுங்கள். முன்னோர் செய்தார்கள் என்பதற்காக மட்டும் வேண்டாம். ஒரு தாயார், "பதினாலு வயதுப் பையனுக்கு இப்போதே வாடை வருகிறதே, நோயா?" என்று எழுதியிருக்கிறார்கள். நோயல்ல அம்மா, வயது. அவனைப் பிறர் முன்னால் கேலி செய்யாமல் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆனால் யாருக்காவது வாடை திடீரென்று மாறினாலும், காரணமில்லாமல் இரவில் உடம்பு நனைய வியர்த்தாலும், டப்பாக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். இந்த வாசகசாலைக்குப் பின்னாலுள்ள வரிசை வீடுகளில் இருபத்திரண்டு குடும்பத்துக்கு இன்றைக்கும் ஒரே தெருக்குழாய்தான் இருப்பதாகவும், பெண்களுக்குக் குளிப்பறை வேண்டுமென்றும் தோழர்கள் நகராட்சிக்கு ஒரு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறார்கள். போகும்போது பேரும் வீட்டு நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.